ஓரம் விட்டும் வரையணும், ஓரம் தாண்டியும் வரையணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல ஒரு அம்மா எழுதியிருந்த கடிதத்தைப் படிச்சேன். அவங்க பிள்ளை படிக்கிற தமிழ்ப்பள்ளியில பசங்க வரைஞ்ச படத்தையே தீபாவளி கார்டா அடிச்சு வித்து பள்ளிக்கு காசு சேர்த்தாங்களாம், நல்ல விஷயம், ஆனா கார்டு கைக்கு வந்தப்ப பிள்ளை கீழ் மூலையில எழுதின பேருல பாதி காணோம், குத்துவிளக்கு சுடர் மொட்டையா நிக்குது, அச்சுக்கடைக்காரன் பேப்பரை மிச்சம் பிடிக்கத்தான் ஓரத்தை வெட்டிட்டான்னு கோவமா எழுதியிருந்தாங்க. கோவம் நியாயம்தான். சொன்ன காரணம்தான் சரியில்ல. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல அச்சு வேலை பாக்குறவன், அந்த கார்டு எங்க கடையில அடிச்சது இல்ல, ஆனா அதே மாதிரி ஃபைல் தீபாவளிக்கு முந்தின மாசம் எங்க கடைக்கும் வந்துக்கிட்டே இருக்கும், இங்க சரியா வரலைன்னு ஈப்போவுக்கு தூக்கிட்டுப் போறவங்களுக்கும் அங்க அதே கதைதான் நடக்குது, அதனால இதை எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. பேப்பர் மிச்சம் பிடிக்க யாரும் ஓரத்தை வெட்டுறது இல்ல, வெட்டினாத்தான் பேப்பர் குப்பைக்குப் போகுது. அச்சு மெஷின் எதுவும் தாளோட விளிம்பு வரைக்கும் மை போடாது. தகடு வெச்சு நிறைய பிரதி அடிக்கிற ஆஃப்செட் மெஷின்ல கிரிப்பர்னு ஒண்ணு தாளோட ஒரு பக்கத்தைக் கவ்வி இழுத்துக்கிட்டுப் போகும், கவ்வுன இடத்துல அச்சு விழாது. இப்போ எல்லா ஊர்லயும் இருக்கிற டிஜிட்டல் மெஷினும் சுத்தி சில மில்லிமீட்டர் வெள்ளையா விட்டுத்தான் அடிக்கும். வீட்டுல இருக்கிற இங்க்ஜெட்ல பார்டர்லெஸ்னு ஒரு செட்டிங் இருக்கேன்னு கேப்பீங்க, அதுவும் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கி தாளுக்கு வெளிய வரைக்கும் தெளிச்சுத்தான் அடிக்குது, அங்கயும் ஓரம் போகத்தான் செய்யும், நமக்குத் தெரியறதில்ல அவ்ளோதான்.

அதனால கார்டு முழுக்க கலர் வேணும்னா ஒரே வழிதான். பெரிய தாள்ல பெரிசா அடிச்சு அளவுக்கு வெட்டணும். கடைகள்ல எஸ்ஆர்ஏ3னு ஒரு தாள் பாத்திருப்பீங்க, 320க்கு 450 மில்லிமீட்டர், சாதாரண ஏ3 வந்து 297க்கு 420தான். ஏன் அந்த கூடுதல் அளவு? ஏ5 கார்டு நாலு வெச்சா ஏ3ல கச்சிதமா உக்காந்துடும், ஆனா ஒவ்வொரு கார்டுக்கும் சுத்தி 3 மில்லிமீட்டர் கூடுதல் கலர் வேணும்னா நாலுக்கும் சேத்து 308க்கு 432 ஆயிடுது, ஏ3ல நிக்காது, எஸ்ஆர்ஏ3ல நிக்கும், வெட்டுக்குறி போடவும் இடம் இருக்கும். அந்த 3 மில்லிமீட்டருக்குத்தான் பிளீட்னு பேரு. தையக்கடையில துணி வெட்டும்போது தையலுக்குன்னு விட்டு வெட்டுவாங்கல்ல, அதே கணக்கு.

சரி, கோடு போட்ட மாதிரி வெட்டினா பிளீட் எதுக்குன்னு ஒரு ஆலய நிர்வாகத்துல இருக்கிற அண்ணன் என்கிட்ட கேட்டாரு. நல்ல கேள்வி. கட்டிங் மெஷின்ல நாங்க ஒவ்வொரு தாளா வெட்டுறது கிடையாது, ஒரு கட்டு அடுக்கி, மேல இருந்து கிளாம்ப் அழுத்திப் பிடிக்க, கத்தி இறங்கும். இறங்கும்போது தாளைக் கொஞ்சம் இழுக்கும், மேல இருக்கிற தாளும் அடியில இருக்கிற தாளும் ஒரே இடத்துல வெட்டுப்படாது, கத்தி மொட்டையா இருந்தா இன்னும் மோசம். அதுக்கு முன்னாடியே அச்சு மெஷின் உள்ள தாள் லேசா நகரும், டிஜிட்டல்ல டோனர்ங்கற மைப்பொடியை உருக்குற சூட்டுல தாள் கொஞ்சம் சுருங்கவும் செய்யும், அதனால மறுபக்கம் அடிச்சா முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் முடி அளவு வித்தியாசம் வரும். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி போறது சகஜம், கெட்டிக்கார கைக்கும் இது உண்டு. படம் கார்டு அளவுக்கு சரியா இருந்துச்சுன்னா அந்த ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததுல ஒரு பக்கம் வெள்ளைக் கோடா பல்லைக் காட்டும். வெள்ளை தெரியக்கூடாதுன்னு கடைக்காரன் என்ன பண்ணுவான், ஒண்ணு படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கி ஓரத்தை வெளிய தள்ளுவான், இல்ல உள்ள தள்ளி வெட்டுவான். ரெண்டுலயும் போறது அந்த பிள்ளையோட பேருதான்.

இங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் குழம்புறாங்க. ரெண்டு வேலை இருக்கு, ரெண்டும் எதிரெதிர் திசை. பின்னணிக் கலர், வானம், புல்லு, பட்டுத்துணி மாதிரி டிசைன் இதெல்லாம் வெட்டுக்கோட்டைத் தாண்டி வெளிய 3 மில்லிமீட்டர் போகணும். முகம், பேரு, வாசகம், சுடர், வேல் நுனி இதெல்லாம் வெட்டுக்கோட்டுக்கு உள்ள 3 மில்லிமீட்டராவது, முடிஞ்சா 5, தள்ளி நிக்கணும். ஒண்ண மட்டும் செஞ்சா பத்தாது. "பிளீட் விட்டிருக்கேன் அங்கிள்"னு சொல்லி ஒரு தம்பி ஃபைல் கொண்டு வந்தாரு, திறந்து பாத்தா பிளீட் இருக்கு, ஆனா "வாழ்த்துகள்" கடைசி எழுத்து வெட்டுக்கோட்டு மேலயே உக்காந்திருக்கு. அது வெட்டுப்பட்டா "வாழ்த்துக"ன்னு நின்னுடும், வாங்கறவங்களை நாம வாழ்த்தச் சொல்லி உத்தரவு போடற மாதிரி இருக்கும்.

நம்ம எழுத்துக்கு இது இங்கிலீஷை விட ஒரு படி அதிகமாவே கவனிக்கணும். ஹேப்பி தீபாவளின்னு இங்கிலீஷ்ல சின்னதா போட்டா நடுவுல அடங்கிடும், "இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்"னு போட்டா நீளம், ஒரே வரியில வேணும்னு ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் இழுத்து விடறாங்க. அதுக்கு மேல புள்ளி, சுழி, கீழ கூ, மூ வளைவுன்னு மேலயும் கீழயும் நீட்டிக்கிட்டு இருக்கும். மேல் விளிம்புல தலைப்பு வெச்சு புள்ளி போயிடுச்சுன்னா ல் வந்து ல ஆயிடும், அப்புறம் தமிழ் தெரியாம அடிச்சுட்டான்னு வேற பேரு. ரெண்டு வரியா பிரிச்சுப் போடுங்க, அழகாவே இருக்கும்.

கோலம் வரையறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. கோலம் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதுதான் அதோட அழகு, அதை நாலு விளிம்பையும் தொடற மாதிரி வரைஞ்சா ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கண்ணுல குத்தும். வேற படத்துல தெரியவே தெரியாத பிசகு கோலத்துல மட்டும் கத்தும். ஒண்ணு நல்லா உள்ள தள்ளி, சுத்தி இடம் விட்டு வைங்க, இல்லன்னா கோலத்தோட ஒரு மூலையை மட்டும் பெரிசா எடுத்து வேணும்னே வெளிய ஓடற மாதிரி போடுங்க. நடுவுல நிக்கறதுதான் ஆபத்து. மெலிசு பார்டருக்கும் இதே கதை, கார்டு ஓரத்துல இருந்து 3 மில்லிமீட்டர்ல தங்கக்கலர் கோடு ஒண்ணு சுத்தி வேணும்பாங்க, வெட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தா ஒரு பக்கம் 2, எதிர்ப்பக்கம் 4, ஒண்ணுக்கு ரெண்டு மடங்கு, சாமி படம் கோணலா மாட்டின மாதிரி தெரியும். பார்டர் வேணும்னா 7, 8 மில்லிமீட்டர் உள்ள வைங்க, அப்ப அதே ஒரு மில்லிமீட்டர் அவ்வளவா தெரியாது. முருகன் படத்துல வேல் நுனி போனா அந்த கார்டை யாரும் வாங்க மாட்டாங்க, அதை நான் சொல்ல வேண்டியதே இல்ல.

இப்போ அந்த அம்மா சொன்ன பள்ளி விஷயத்துக்கே வரேன், ஏன்னா என் கணக்குல அங்க தப்பு நடந்தது அச்சுக்கடையில இல்ல, ஓவியப் போட்டி அன்னிக்கு காலையிலயே. பசங்களுக்கு ஏ4 வரைதாள் குடுக்கறாங்க, 210க்கு 297 மில்லிமீட்டர். தாள் முழுக்க வரையணும், வெள்ளை விடக்கூடாதுன்னு டீச்சர் சொல்லிடறாங்க, மார்க் அதுக்குத்தானே. பிள்ளை கீழ் மூலையில பேரு, வகுப்பு எழுதும், எல்லா பிள்ளையும் அங்கதான் எழுதும். அப்புறம் அந்த படம் ஏ6 கார்டா மாறுது, 105க்கு 148. பிளீட்டோட சேத்தா 111க்கு 154. ஏ4 படத்தை அந்த 111 அகலத்துக்கு சுருக்கினா உயரம் 157 வந்துடும், அதுல இருந்து 148 வெட்டி எடுக்கணும். அப்ப கார்டுல பக்கவாட்டுல 3, மேல கீழ நாலரை மில்லிமீட்டர் போகுது. சின்னதா தோணும், ஆனா படம் பாதியா சுருங்கியிருக்குல்ல, அதைப் பிள்ளை வரைஞ்ச தாளுக்கு திருப்பிப் போட்டா பக்கவாட்டுல கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர், மேல கீழ எட்டரை. பிள்ளை எழுதின பேரோட உயரமே அவ்ளோதான் இருக்கும்! அதுக்கு மேல பாதுகாப்புக்குன்னு கொஞ்சம் சேத்துக்கிட்டா ஒன்றரை சென்டிமீட்டர். ஆக போட்டிக்கு முன்னாடி ஒவ்வொரு தாள்லயும் சுத்தி ஒன்றரை சென்டிமீட்டர்ல லேசா பென்சில் கோடு போட்டுக் குடுங்க, கலர் கோட்டைத் தாண்டி விளிம்பு வரைக்கும் போகட்டும், ஆனா பேரு, முகம், விளக்கு எதுவும் கோட்டைத் தாண்டக்கூடாதுன்னு சொல்லிடுங்க. பேரைத் தாளுக்குப் பின்னாடி எழுதச் சொல்லிட்டு கார்டோட பின்பக்கத்துல அழகா டைப் பண்ணிப் போட்டா இன்னும் நல்லது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல ஒருத்தர் ரூலர் எடுத்துக்கிட்டு உக்காந்தா பசியாறி முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும்.

படத்தை கம்ப்யூட்டருக்கு ஏத்தறதுலயும் ஓரம் போகும், இதை யாரும் கவனிக்கறதில்ல. போன்ல படம் பிடிச்சா லேசா கோணலாத்தான் வரும், அதை நேராக்க க்ராப் பண்ணும்போதே நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் அடிபடும். ஸ்கேனர்தான் நல்லது, ஆனா கண்ணாடி விளிம்புல தாளை ஒட்டி வெச்சா அங்கயும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மறைஞ்சு போகலாம், அந்த ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தா இதுக்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்ல. 300 டிபிஐல, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளின்னு வெச்சு, ஸ்கேன் பண்ணா ஏ4 தாள் 2480க்கு 3508 பிக்சல் வரும், ஏ6 கார்டுக்கு பிளீட்டோட வேண்டியது 1311க்கு 1819தான், தாராளமா பத்தும். பண்ணிட்டு தயவு செஞ்சு வாட்ஸ்ஆப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அது அமுக்கி சின்னதாக்கிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்ல பென்டிரைவ்ல கொண்டு வாங்க, கடை பக்கத்துலதான இருக்கு.

டிசைன் பண்றது இப்போ பெரும்பாலும் கேன்வாங்கற ஆப்லதான். அதுல ஃபைல் மெனுவுக்குள்ள ஷோ பிரிண்ட் பிளீட்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா ஓரத்துல ஒரு புள்ளிக்கோடு வரும், ஆனா அது தானா உங்க படத்தை நீட்டாது, நீங்கதான் பின்னணியை விளிம்பு வரைக்கும் இழுத்து விடணும். டவுன்லோட் பண்ணும்போது பிடிஎஃப் பிரிண்ட் எடுத்து, கிராப் மார்க்ஸ் அண்ட் பிளீட் டிக் பண்ணணும், இதை மறந்தா இவ்வளவு நேரம் இழுத்து விட்டதெல்லாம் வீண், பிளீட் இல்லாமதான் ஃபைல் இறங்கும். போட்டோஷாப்ல புதுப் பக்கம் திறக்கும்போது, பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருள்ல இருக்கிற மாதிரி பிளீட்னு தனியா போடற இடம் கிடையாது, ஆரம்பத்துலயே பெரிய அளவுல பக்கத்தைத் திறந்து 3 மில்லிமீட்டர்ல கைடு, அதாவது அச்சுல விழாத வழிகாட்டிக் கோடு, போட்டுக்கணும். வேர்ட்ல பண்றவங்களும் இருக்காங்க, அவங்களை நான் கேலி பண்ண மாட்டேன், பக்க அளவை 111க்கு 154னு மாத்திட்டு உள்ள தள்ளி எழுதினா அதுலயும் நடக்கும். எதுல பண்ணாலும் தமிழ் ஃபான்டை பிடிஎஃப்ல எம்பெட் பண்ணுங்க, அதாவது ஃபைலுக்குள்ளயே சேத்து வைங்க, இல்ல அவுட்லைன் ஆக்கிடுங்க, அதாவது எழுத்தைக் கோட்டு வடிவமா மாத்திடுங்க, இல்லன்னா எங்க கம்ப்யூட்டர்ல அந்த ஃபான்ட் இல்லாம கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிச்சுக்கிட்டு நிக்கும். வீட்டுல சாம்பிள் பிரிண்ட் எடுத்து அளவு பாக்கறவங்க ஃபிட் டு பேஜ் போடாதீங்க, அது தாளுக்கு ஏத்த மாதிரி அளவை மாத்திடும், ஆக்சுவல் சைஸ் போட்டாத்தான் ரூலர் வெச்சுப் பாக்கறதுல அர்த்தம் இருக்கு.

மடிக்கிற கார்டுல மட்டும் ஒரு சின்ன சிக்கல். விரிச்சா 210க்கு 148, வலது பாதி முன்பக்கம், இடது பாதி பின்பக்கம், நடுவுல மடிப்பு. மடிப்புல பிளீட் வேண்டாம், ஆனா முன்பக்கக் கலர் மடிப்புல சரியா நின்னு பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சுன்னா, மடிப்பு துளி நகர்ந்தாலும் முன்பக்கக் கலர் பின்பக்கம் ஒரு கோடா எட்டிப் பாக்கும், இல்ல முன்பக்கத்துல வெள்ளை தெரியும். ரெண்டு பாதிக்கும் ஒரே பின்னணி போட்டா தொல்லையே இல்ல. 260 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு மாதிரி தடிச்ச அட்டைன்னா மடிக்கிறதுக்கு முன்னாடி கிரீஸிங், அதாவது மடிப்பு வர்ற இடத்துல அழுத்திப் பள்ளக்கோடு, போடச் சொல்லுங்க, இல்லன்னா மடிப்புல மை வெடிச்சு வெள்ளை தெரியும், அதையும் எங்க தலையிலதான் கட்டுவாங்க.

ஏற்கனவே வரைஞ்சாச்சு, பேரு ஓரத்துல இருக்கு, இப்போ என்ன பண்றதுன்னு கேட்டா வழி இருக்கு. வானம், புல்லு, இலை மாதிரி இருந்தா ஓரத்துல ஒரு துண்டை எடுத்து கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பி வெளிப்பக்கம் ஒட்டினா அது பிளீட் ஆயிடும், வெட்டினதுக்கு அப்புறம் யாருக்கும் தெரியாது. கோலத்துக்கும் எழுத்துக்கும் இது ஒத்து வராது. அதுக்கு சுலபமான வழி, படத்தையே கொஞ்சம் சின்னதாக்கி சுத்தி அகலமா வெள்ளையோ மஞ்சளோ விட்டுடறது. அந்தக் காலத்துல தோட்டத்து லயத்துல சுவத்துல குத்தி வெச்சிருந்த வாழ்த்து அட்டைங்கள்ல வெள்ளை ஓரம் நிறைய பாத்திருப்பீங்க, அது பழைய ஃபேஷன்னு நெனைக்கறோம், ஆனா பிள்ளை வரைஞ்ச படம் ஒரு துளி கூட போகாம முழுசா வேணும்னா இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல. என்னைக் கேட்டா பள்ளி கார்டுக்கு இதுதான் முதல் வழி, ஓரம் வரைக்கும் கலர் ஓடணும்ங்கற ஆசை கடைக்காரங்க கார்டுக்கு இருக்கட்டும்.

இவ்வளவு சொல்லிட்டு எங்க ஆளுங்களை விட்டுட்டா நியாயம் இல்ல. ஃபைலைத் திறந்த ரெண்டாவது நிமிஷமே பிளீட் இல்லன்னு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கறதில்ல. வேலை நெருக்கடி, கஸ்டமர் கோச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்கன்னு பயம், அதனால நாமளே பெரிசாக்கி வெட்டிடுவோம்னு விட்டுடறோம். மின்னட்டைனு ஓசியில போன்ல வாழ்த்து அனுப்பற காலத்துல ஒருத்தர் காசு குடுத்து கார்டு அடிக்க வராங்கன்னா அவங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசறதுக்கு என்ன. "அம்மா, இந்த இடத்துல வெட்டு விழும், பிள்ளை பேரு போயிடும், நகர்த்தட்டுமா"ன்னு கேட்டா யாரு வேண்டாம்பா. எல்லாத்தையும் அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணை அடிச்சு வெட்டிக் கையில குடுக்கணும், ஸ்கிரீன்ல காட்டி ஓகேவான்னு கேக்கறது சாம்பிள் ஆகாது, ஸ்கிரீன்ல வெட்டு தெரியாது. கடைக்காரன் குடுக்கலைன்னா வாங்கறவங்க கேட்டு வாங்கணும், அதுக்கு ரெண்டு வெள்ளி கேட்டாலும் குடுத்துடுங்க.

கடிதம் எழுதின அம்மாவுக்கு: அசல் படம் பள்ளியில இருந்துச்சுன்னா வாங்கிட்டு உங்க ஊர்ல இருக்கிற ஏதாவது ஒரு கடையில வெள்ளை ஓரம் விட்டு அடிக்கச் சொல்லுங்க, கொஞ்சம் போதும், பாட்டி தாத்தா வீட்டுக்கு அனுப்பற அளவுக்கு. ஏ6 கார்டு சி6 உறையில, அதாவது 114க்கு 162ல, சரியா போகும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் தீபாவளிக்கு வாழ்த்து அட்டை ஓவியப் போட்டின்னு எத்தனையோ சங்கமும் பள்ளியும் அறிவிப்பு குடுக்கறாங்க, உங்க பத்திரிகையிலயும் அது வருது. அந்த விதிமுறையில வயசு, தாள் அளவு, கடைசி தேதி எல்லாம் இருக்கும், சுத்தி ஒன்றரை சென்டிமீட்டர் விடணும்னு ஒரு வரி மட்டும் இருக்காது. அறிவிப்பு போடறவங்ககிட்ட அந்த ஒரு வரியைச் சேக்கச் சொல்லி நீங்க கேட்டா கேப்பாங்க, நாங்க கடையில இருந்து சொன்னா சாக்கு சொல்றோம்னு நெனைப்பாங்க.

இப்படிக்கு,
அச்சுக்கடை ஊழியர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.